கியரைத் தலைகீழாக்கிய வீரர்களுக்கு ஒரு பழைய வாத்தியார் எழுதுவது

பதிவு கொஞ்சம் நீளம். ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பாதியை எனக்குக் கொடுங்கள், போதும்.

ஆறு மாதமாக விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சில மெக்கானிக் ஷெட்டுகளில் ஒரு புது வைத்தியம் நடக்கிறது. பெயர் 'ஜி.பி. ஷிஃப்ட்'. ரேஸ் பைக்கில் இருப்பது போல, வீட்டு வண்டியின் கியரைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது. நம் குடும்பத்துக்குள்ளேயே மூன்று வண்டிகள் இப்படி மாறியிருக்கின்றன. மாற்றிக் கொடுத்த இரண்டு பேர் என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர்கள். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு உரிமையில்லை என்று நினைக்கிறேன். பொதுச் சாலையில் ஓடும், நாலு பேர் எடுத்துப் போகும் வண்டியில் இந்த மாற்றத்தைச் செய்வது தவறு. வேகம், சத்தம், ஸ்டைல் என்று வழக்கமாகப் பெரியவர்கள் புலம்புவதை நான் இங்கே சொல்ல வரவில்லை. நான் சொல்வது வேறு.

வண்டி ஓட்டாத அக்கா தங்கைகளுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்சர், யூனிகார்ன், அந்தக் காலத்து ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளில் இடது கால் லிவரை ஒரு தடவை கீழே மிதித்தால் முதல் கியர். பிறகு கால்விரலை லிவருக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கத் தூக்க இரண்டு, மூன்று, நான்கு. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். வேகம் குறையும்போது மிதித்து மிதித்து இறங்க வேண்டும். ஜி.பி. ஷிஃப்ட்டில் இது அப்படியே கவிழ்ந்துவிடும். முதல் கியருக்குத் தூக்க வேண்டும், மற்றதுக்கெல்லாம் மிதிக்க வேண்டும். இஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. கால் லிவரிலிருந்து ஒரு கம்பி போய், கியர் ஷாஃப்ட்டின் பல் முனையில் மாட்டிய சின்னக் கையைத் தள்ளும் வண்டிகளில், அந்தக் கையைக் கழற்றி எதிர்த்திசையில் மாட்டினால் வேலை முடிந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனர், அரை மணி நேரம், முந்நூறு ரூபாய். இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் இதன் ஆபத்து.

ரேஸ்காரர்கள் ஏன் செய்கிறார்கள்? அவர்களிடம் நல்ல காரணம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மோட்டோ ஜிபியில் வளைவில் வண்டி 60 டிகிரிக்கு மேல் சாய்கிறது. இடது பக்கம் அப்படிச் சாய்ந்திருக்கும்போது லிவருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஷூ நுழைய இடம் கிடையாது. வளைவு முடியுமுன்பே ஆக்சிலேட்டரை முறுக்கி அடுத்த கியர் போட வேண்டும். அடியில் கால்விரலைக் கொடுத்துத் தூக்க வழியில்லை, மேலிருந்து மிதிக்கத்தான் முடியும். இன்னொன்று, முறுக்கும்போது உடம்பு பின்னால் தள்ளப்படுகிறது. அப்போது தூக்குவதைவிட மிதிப்பது எளிது. அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே லாரி வராது. மாடு வராது. ஒவ்வொரு ரேஸ் வண்டிக்கும் ஓட்டுபவர் ஒருவர்தான். அவருடைய மாமனார் அதை எடுத்துக்கொண்டு மாவு அரைக்கப் போக மாட்டார். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக்கில் யாராவது இப்படி மாற்றிக்கொண்டு ஓட்டினால் நானே கைதட்டுவேன்.

நம் சாலைக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு. நாலு வழிச் சாலை. டாப் கியரில் போட்டால் பெரும்பகுதி டாப் கியர்தான். 60 டிகிரி சாய்வதற்கு அங்கே எந்த வளைவு இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். திண்டிவனம் மேம்பாலத்தில் சாய்வீர்களா, செஞ்சி ரோடு திருப்பத்தில் சாய்வீர்களா? கியர் அதிகம் மாற்றுகிற இடமெல்லாம் நாலுமுனைச் சந்திப்பும் நேருஜி ரோடும்தான். அங்கே நீங்கள் போகும் வேகத்துக்கு முன்னால் போகிற தயிர்க்காரர் சைக்கிள்தான் அளவு. அதுவும் ரப்பர் செருப்பு போட்ட காலோடு. சிக்னலில் நிற்பதற்குள் நாலாவதிலிருந்து முதலுக்கு வர மூன்று தடவை செருப்பு நுனியால் லிவரைத் தூக்கிப் பாருங்கள். நியூட்ரல் பிடிக்க முன்பு மெதுவாக அரைத் தூக்கு தூக்குவீர்கள். இப்போது அரை மிதி மிதிக்க வேண்டும். தூக்குவதை அளந்து செய்யலாம், மிதிப்பதை அளந்து செய்வது கஷ்டம். முழுசாக மிதிபட்டு இரண்டாவதில் விழும்.

ஷூவின் மேல்தோல் தேயாது என்று ஒரு பிள்ளை காரணம் சொன்னான். அதற்குத்தான் குதிகாலும் விரலும் இரண்டு பக்கம் மிதிக்கிற நீள லிவர் ஐம்பது வருடமாக இருக்கிறதே தம்பி. வேண்டுமானால் அதை மாட்டிக்கொள்.

போன மாதம் மயிலத்தில் ஒரு காதுகுத்து விழாவில் பந்தியில் உட்கார்ந்தபடியே இதைப் பேசினேன். இளவட்டங்கள் சும்மா இல்லை, மூன்று வாதங்கள் வைத்தார்கள். மூன்றும் யோசித்துச் சொன்னவைதான். அதனால் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதல் வாதம்: "பெரியப்பா, நீங்க ஓட்டின புல்லட்டே ஒண்ணு மேல, மூணு கீழதானே?" உண்மை. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்திலிருந்து வெகுகாலம் புல்லட் அப்படித்தான் வந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்குத் தூக்கு, மற்றதுக்கு மிதி. நியூட்ரல் பிடிக்கக் குதிகாலால் அமுக்கும் தனி லிவர்கூட உண்டு. ஆனால் அது ஃபேக்டரியிலிருந்து அப்படி வந்த வண்டி. ஊரில் எந்தப் புல்லட்டை எடுத்தாலும் அதே முறை. லிவர் வலது பக்கம் இருப்பதே ஓட்டுபவனை எச்சரித்துவிடும்: "இது வேறு வண்டி, யோசித்து ஏறு" என்று. அப்படி இருந்தும் என்ன நடந்தது தெரியுமா? என்னோடு வேலை பார்த்த இரண்டு ஆசிரியர்கள் என் புல்லட்டை இரவல் வாங்கிப் போய், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்திருக்கிறார்கள். ஒருவர் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் போய் நின்றார். அமெரிக்காவில் 1970-களின் நடுவில் சட்டமே போட்டார்கள்: மோட்டார் சைக்கிள் என்றால் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில், விரலைத் தூக்கினால் மேல் கியர், மிதித்தால் கீழ் கியர் என்று. அந்தச் சந்தையை இழக்க முடியாமல் நார்ட்டனும் ட்ரயம்ப்பும் தங்கள் வலது பக்கக் கியரை இடது பக்கத்துக்குக் கொண்டுபோயின. நம் புல்லட்டும் பின்னாளில் இடது பக்கத்துக்கு வந்துவிட்டது. உலகம் இவ்வளவு செலவு செய்து ஒரே முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நீங்கள் முந்நூறு ரூபாயில் அதைக் கலைக்கிறீர்கள்.

இரண்டாவது வாதம் இதைவிடக் கெட்டி. "ஸ்ப்ளெண்டர்ல நாலு கியரும் கீழதான். விரலால மிதிச்சா மேல் கியர். லட்சக்கணக்கான பேர் ஓட்டுறாங்க. அது மட்டும் தப்பில்லையா?" இதைக் கேட்ட பெண் பிள்ளைக்கு அன்றைக்கே சபாஷ் சொன்னேன். ஆமாம், நம் நாட்டில் இரண்டு முறையும் ஓடுகின்றன. ஸ்ப்ளெண்டரிலிருந்து பல்சருக்கு மாறியவர்கள் முதல் வாரம் தடுமாறியதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் ஸ்ப்ளெண்டர் என்று பார்த்ததும் அது ஸ்ப்ளெண்டர் என்று தெரிகிறது. முன்னும் பின்னும் மிதிக்கிற நீள லிவர் தெரிகிறது. நியூட்ரல் ஒரு கோடியில் இருக்கிறது. ஊரில் உள்ள அத்தனை ஸ்ப்ளெண்டரும் ஒரே மாதிரி. நீங்கள் மாற்றிய வண்டியில் எதுவுமே மாறினதாகத் தெரியாது. வெளியே பார்த்தால் கம்பெனி வண்டி, உள்ளே எதிர்மறை. மிளகாய்ப்பொடி டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி வைப்பதால் சர்க்கரை கெட்டுப்போகாதுதான். சாம்பார் வைக்கிறவள் பாடு என்ன? ஏற்கெனவே இரண்டு முறை இருப்பது குழப்பம் என்றால், மூன்றாவதாக அடையாளமே இல்லாத ஒன்றைச் சேர்ப்பதற்கு அது நியாயம் ஆகாது.

மூன்றாவது வாதம்: "ஒரு வாரம் ஓட்டினா பழகிடும்."

பழகும். அமைதியாக இருக்கிற நேரத்தில் பழகும். 1947-இல் அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடத்தில் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர், விமானிகள் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாள்வதில் செய்த 460 பிழைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒரு வகைக்கு 'திசை மாற்றப் பிழை' என்றே பெயர்: இந்தப் பக்கம் தள்ள வேண்டியதை அந்தப் பக்கம் தள்ளியது. தள்ளியவர்கள் பயிற்சி பெற்ற விமானிகள். 'விமானியின் தவறு' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கருவியை அமைத்த விதத்தின் தவறு என்பது அவர்கள் கண்டது. இன்னொரு ஆளைச் சொல்கிறேன், யூடியூபில் பார்த்திருப்பீர்கள். டெஸ்டின் சான்ட்லின் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஹேண்டில்பாரை இடது திருப்பினால் சக்கரம் வலது திரும்பும்படி ஒரு சைக்கிள் செய்து பழகினார். தினம் கொஞ்ச நேரம் ஓட்டி, எட்டு மாதம் ஆனது. அவருடைய சின்ன மகனுக்கு இரண்டு வாரம்தான். அதன் பிறகு சாதாரண சைக்கிளில் ஏறினால் அவருக்கு ஓட்ட வரவில்லை. கொஞ்ச நேரம் தடுமாறி, திடீரென்று பழைய பழக்கம் திரும்பியது. இதில் கவனிக்க வேண்டியது அந்தத் 'திடீரென்று' என்பதைத்தான். பழைய பழக்கம் அழிவதில்லை, உள்ளே படுத்துக்கிடக்கிறது. மாடு குறுக்கே வருகிற அரை நொடியில் உங்கள் காலை எது இயக்கும்? ஒரு வாரப் பழக்கமா, பத்து வருடப் பழக்கமா?

போகட்டும், நீங்கள் பழகிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் வேறு யார் பழகியிருக்கிறார்கள்?

இதுதான் என் வழக்கு. வெளிநாட்டில் ஒருவனுடைய பைக் அவனுடையது மட்டும். நம் வீட்டில் அப்படியா? சாவி ஆணியில் தொங்கும். அப்பா எடுப்பார், சித்தப்பா எடுப்பார், எதிர்வீட்டுப் பையன் "அண்ணே, பெட்ரோல் போட்டுத் தரேன்" என்று எடுப்பான். கல்யாண மண்டபத்தில் வழி மறைக்கிறதென்று தெரியாதவன் நகர்த்துவான். சர்வீஸ் முடித்த பையன் ஓட்டிப் பார்ப்பான். இரண்டு வருடம் கழித்து நீங்கள் விற்பீர்கள்; படிவம் 29, 30-இல் கையெழுத்து போடுவீர்கள், அதில் கியர் எந்தப் பக்கம் என்று கேட்கும் கட்டம் இல்லை. வாங்கியவன் அதை ஒலக்கூர் தாண்டித் தெரிந்துகொள்வான்.

என் தம்பி அப்படித்தான் தெரிந்துகொண்டான். போன மாசி மாதம் ராத்திரி ஒன்பது மணி. அவனுடைய பல்சர் பஞ்சர். விக்கிரவாண்டி வரை ஒரு அவசரம். மகனுடைய ஆறு கியர் வண்டியை எடுத்தான். மகன் ஊரில் இல்லை. கியர் மாற்றியதை வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. வாசலில் முதல் கியர் விழாதபோதே மகனுக்குப் போன் போட்டிருக்கிறான். "தூக்கிப் போடுப்பா" என்று ஒரே வார்த்தை. தூக்கிப் போட்டான், வண்டி கிளம்பியது. டவுனுக்குள் மெதுவாகப் போகும்வரை யோசித்து யோசித்து ஓட்டியிருக்கிறான். மெயின் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்னால் சிவப்பு விளக்கு கிடையாது, திடீரென்று கண்ணுக்கு முன். நாலாவது கியரில் போகிறவன் என்ன செய்வான்? பிரேக் பிடித்து, கிளட்ச் அமுக்கி, இரண்டு மிதி மிதித்து இரண்டாவதுக்கு வந்து, வலப்பக்கம் ஒதுங்கி முறுக்கி மேலே போவான். இருபது வருடமாக அவன் கால் செய்கிற வேலை அது. கால் அதையே செய்தது. வண்டி ஆறாவதுக்குப் போனது. முறுக்கினால் இழுவை இல்லை. பின்னால் ஆம்னி பஸ் ஹாரன். டிராக்டருக்கும் பஸ்சுக்கும் நடுவில் நிற்க முடியாமல் நடுத்தடுப்பு ஓரத்து மண்ணில் இறக்கிவிட்டு விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவன் என்னிடம் கேட்டது: "எனக்கு வயசாயிடுச்சாண்ணா? கால் நான் சொன்னதைக் கேக்கலை." கால் சொன்னதைக் கேட்டது. வண்டிதான் கேட்கவில்லை. ஆனால் இன்றுவரை குடும்பத்தில் பாதிப் பேர் "ஐம்பத்தெட்டு வயசுல அந்த வண்டியை ஏன் தொட்டார்" என்றுதான் பேசுகிறார்கள். ஃபிட்ஸும் ஜோன்ஸும் 1947-இல் சொன்னதை நம் சொந்தக்காரர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

இதற்கு எதிர்த்தவறு இதைவிட மோசம். மூன்றாவது கியரில் இஞ்சின் 9000 சுற்றில் ஓடுகிறது, நாலாவது போடலாம் என்று பழைய பழக்கத்தில் தூக்குகிறீர்கள். மாற்றிய வண்டியில் அது இரண்டாவதுக்கு இறங்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் பல் விகித வித்தியாசம் 4-க்கு 3 என்று வைத்துக்கொண்டால், கிளட்சை விட்ட கணத்தில் இஞ்சின் 12000 சுற்று சுற்றியாக வேண்டும். பின்சக்கரம் அதைச் சுற்ற வைக்கும், முடியாவிட்டால் சக்கரம் ரோட்டில் இழுபடும். ரெவ் லிமிட்டர் இருக்கிறது சார் என்பீர்கள். லிமிட்டர் பெட்ரோலையோ பொறியையோ நிறுத்தும். சக்கரம் இஞ்சினைச் சுற்றுவதை அது எப்படி நிறுத்தும்? ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் கொஞ்சம் தாங்கும். மழைநாளில் ஈர ரோட்டில் அந்தக் 'கொஞ்சம்' போதாது.

என் மெக்கானிக் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் கழற்றித் திருப்பி மாட்டுகிற அந்தக் கை, கம்பியோடு கிட்டத்தட்ட செங்கோணத்தில் இருக்க வேண்டும். நெம்புகோல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? கோணம் குறைந்தால் அதே மிதிக்கு ஷாஃப்ட் திரும்புவது மாறும். எதிர்ப்பக்கம் மாட்டினால் கம்பி போதிய நீளம் இருக்காது, அல்லது சட்டத்திலோ செயின் கவரிலோ உரசும். கியர் பாதி விழுந்து வெளியே தள்ளும். பொய் நியூட்ரல் கிடைக்கும். நாளடைவில் உள்ளே கியர்ப் பற்களின் விளிம்பும் ஃபோர்க்கும் தேயும். குவிக்‌ஷிஃப்டர் உள்ள வண்டி என்றால் அதன் சென்சார் தள்ளலுக்கா இழுவைக்கா என்று பார்க்க வேண்டும். முந்நூறு ரூபாய்க்கு இதையெல்லாம் யார் பார்த்தது?

சட்டம் என்ன சொல்கிறது என்று நம் வக்கீல் மருமகன் கேட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரித்தவர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கமாகவே பொருள் கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. "கியர் திசை ஆர்.சி. புத்தகத்திலேயே இல்லையே மாமா" என்றார் மருமகன். நல்ல வாதம், கோர்ட்டில் வைக்கட்டும். போலீஸ்காரர் நிறுத்தி லிவரைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். அபராதத்துக்குப் பயந்து இதை விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தேவைக்காக மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. மிக் டூஹன் 1992-இல் அசெனில் விழுந்து வலது கால் பாழானபோது, பின் பிரேக்கைக் கட்டைவிரலால் இயக்கும்படி செய்துகொண்டு ஓட்டி, அதன் பிறகு உலக சாம்பியன் ஆனார். அது தேவை. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றிக்கொள்ள நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. பாதத்தைத் தூக்க முடியாத என் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் வந்து கேட்டால் நானே லிவர் அமைத்துக் கொடுக்கச் சொல்வேன். இன்ஸ்டாவில் பதினைந்து நொடி வீடியோ போடுவது எந்த வகைத் தேவை?

ஸ்வீடன் நாட்டில் 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. திசையை மாற்ற வேண்டுமானால் இப்படித்தான், எல்லாரும் ஒன்றாக, அறிவித்துவிட்டு. நடுராத்திரி ஒருவன் மட்டும் யாருக்கும் சொல்லாமல் வலப்பக்கம் போனால் அவனுக்கு என்ன பெயர் வைப்போம்?

ஆகவே கேட்கிறேன். மாற்றியவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பழையபடி மாற்றுங்கள். 'டிராக்குக்கு எடுத்துப் போகிறேன், மாற்ற மாட்டேன்' என்கிற ஓரிருவர், சாவியை ஆணியில் மாட்டாதீர்கள். டேங்கின் மேல், உட்கார்ந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், "கியர் தலைகீழ்: ஒன்று மேலே, மற்றவை கீழே" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். விற்கும்போது திருப்பி மாட்டிவிட்டு விற்க வேண்டும். ஷெட் வைத்திருக்கும் இருவரும், யாராவது கேட்டால் "வீட்டில் வேறு யார் இந்த வண்டியை ஓட்டுவார்கள்?" என்று முதலில் கேளுங்கள். ஒருவர் பெயரையாவது சொன்னால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். திருப்பி மாட்டும் கூலியை என் தம்பி மகனிடம் வாங்க வேண்டாம், அதை நான் தருகிறேன். அவன் அப்பாவின் பிசியோதெரபி செலவை அவன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். "ஓகே பூமர்" என்று மட்டும் எழுதுபவர்கள் தங்கள் பத்தாம் வகுப்பு இயற்பியல் மதிப்பெண்ணையும் பக்கத்தில் போடவும். என்னிடம் பதிவேடு இருக்கிறது.